பிரம்மாண்ட எண்களின் இலக்கப் புதிர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிரலெழுதப் பழகத் தொடங்கியவர்கள் வெகு சீக்கிரம் முட்டிக்கொள்ளும் புதிர் வகை ஒன்று உண்டு. எந்த மாறியிலும் அடங்காத ஓர் எண்ணைச் சொல்லி, அதன் இலக்கங்களைப் பற்றி ஏதாவது கேட்பார்கள். இதில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஊற்றுக்கண் ஒன்றுதான்: கேள்வி முழு எண்ணையும் கேட்கிறதா, அதன் ஒரு முனையை மட்டும் கேட்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே விசைப்பலகையில் கை போய்விடுகிறது.

இந்தப் புதிர்கள் எப்படி இருக்கும்? ஓர் எடுத்துக்காட்டு கொடுங்கள்.

நிரலெழுதித் தீர்க்கும் கணிதப் புதிர்களைத் தரும் ப்ராஜெக்ட் ஆய்லர் இணையதளத்தின் 16-வது கணக்கு மிகவும் பெயர்பெற்றது. 2¹⁵ = 32768; அதன் இலக்கங்களைக் கூட்டினால் 3+2+7+6+8 = 26. அப்படியானால் 2¹⁰⁰⁰ என்ற எண்ணின் இலக்கங்களின் கூட்டுத்தொகை என்ன? கேள்வி அவ்வளவுதான். 20-வது கணக்கு இதற்கு உடன்பிறப்பு: 10-இன் காரணீயப் பெருக்கம் (1 முதல் 10 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வருவது) 3628800, இலக்கக் கூட்டுத்தொகை 27; 100-இன் காரணீயப் பெருக்கத்துக்கு எவ்வளவு?

கோலின் ஹியூஸ் 2001-இல் தொடங்கிய இந்தத் தளத்தில் இலக்கப் புதிர்கள் ஏராளம். வேலைக்கான நேர்காணல்களிலும் நிரல் போட்டிகளிலும் இவற்றின் மாறுவேடங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் 2¹⁰⁰⁰-ஐயே முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

2¹⁰⁰⁰-இல் எத்தனை இலக்கங்கள்? கணக்கிட்டுப் பார்த்தால்தான் தெரியுமா?

தேவையில்லை. பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கை போதும். 2-இன் மடக்கை 0.30103-க்குச் சற்றுக் குறைவு. ஆயிரத்தால் பெருக்கினால் 301.0299… என்று வரும். முழு எண் பகுதியோடு ஒன்றைக் கூட்டினால் 302 இலக்கங்கள்.

இதே வழியில் ஃபிபனாச்சி வரிசையில் முதன்முதலில் மூன்று இலக்கம் கொண்ட உறுப்பு எது என்றும் சொல்லலாம். அதன் n-வது உறுப்பு, பொன்விகிதத்தின் n-வது அடுக்கை ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுத்ததற்கு மிக அருகில் இருக்கும். பொன்விகிதத்தின் மடக்கை 0.20899, ஐந்தின் வர்க்கமூலத்தின் மடக்கை 0.34949. மூன்று இலக்கம் என்றால் மடக்கை குறைந்தது 2. 2-உடன் 0.34949-ஐக் கூட்டி 0.20899-ஆல் வகுத்தால் 11.24. மேல்நோக்கி முழுமையாக்கினால் 12. வரிசையின் 12-வது உறுப்பு 144. மூன்று இலக்கத்துக்குப் பதில் ஆயிரம் இலக்கம் என்று கேட்டால் 2 இருந்த இடத்தில் 999-ஐப் போடுங்கள். ஓர் உறுப்பைக்கூடக் கூட்டாமல் விடை வந்துவிடும்.

2¹⁰⁰⁰-க்கு என் நிரல் 0 என்று விடை தருகிறது. நண்பருக்கு 88. இன்னொருவருக்கு 72. ஏன்?

இந்த மூன்று விடைகளும் மூன்று வெவ்வேறு நோய்களின் அறிகுறிகள். விடையைப் பார்த்தே நிரலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊகித்துவிடலாம்.

0 வந்தால், குறியற்ற 64 பிட் மாறியில் 1-ஐ வைத்து ஆயிரம் முறை இரட்டித்திருக்கிறீர்கள். அந்த மாறியின் உச்சம் 18446744073709551615. அறுபத்து நான்காவது இரட்டிப்பில் ஒரே ஒரு 1 இடதுபக்கமாக வெளியே விழுந்துவிடும், மீதமிருப்பதெல்லாம் பூஜ்யம். அதன் பிறகு பூஜ்யத்தை எத்தனை முறை இரட்டித்தால் என்ன?

88 வந்தால், ஜாவாவில் அடுக்குச் சார்பின் விடையை 64 பிட் முழு எண்ணாக மாற்றியிருக்கிறீர்கள். கொள்ளளவுக்கு மிஞ்சிய எண் வரும்போது ஜாவா அந்த வகையின் உச்ச எண்ணான 9223372036854775807-ஐக் கையில் கொடுத்துவிடும். அதன் இலக்கங்களைக் கூட்டினால் 88.

72 வந்தால் ஜாவாஸ்கிரிப்டாக இருக்கும். 2¹⁰⁰⁰-ஐச் சரமாக, அதாவது எழுத்துத் தொடராக, மாற்றும்போது 1.0715086071862673 என்றும், அதன் பின்னால் பத்தின் 301-வது அடுக்கைக் காட்டும் குறியும்தான் கிடைக்கும். அடுக்குக் குறிக்கு முன்னால் உள்ள இலக்கங்களை மட்டும் கூட்டினால் 68. அடுக்கில் உள்ள 3, 0, 1 ஆகியவற்றையும் சேர்த்துக் கூட்டியதால் 72.

அப்படியானால் மிதவைப் புள்ளி எண்ணில் 2¹⁰⁰⁰ துல்லியமாக இருக்காது, இல்லையா?

இருக்கும். இதை நம்பப் பலரும் மறுப்பார்கள். 64 பிட் மிதவை எண் (தசமப் புள்ளி எண்களுக்கான மாறி வகை) 53 பிட் துல்லியத்தையும் தனியாக ஓர் அடுக்கையும் வைத்திருக்கிறது. 2-இன் அடுக்குகளுக்கு ஒரே ஒரு பிட் துல்லியம் போதும். மற்றதை அடுக்கு பார்த்துக்கொள்ளும். எனவே 2¹⁰⁰⁰ ஒரு பிட்கூடப் பிசகாமல் உள்ளே அமர்ந்திருக்கிறது. திரையில் காட்டும்போதுதான் 17 இலக்கங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். லினக்ஸில் சி மொழியின் அச்சிடும் சார்பிடம் தசமப் புள்ளிக்குப் பின் எதுவும் வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள், 302 இலக்கங்களும் சரியாக வந்து விழும். 2¹⁰²⁴-இல் இந்த வித்தை முடிந்துவிடும்; அது முடிவிலி என்று காட்டும்.

ஆனால் இது 2-க்கு மட்டும் கிடைத்த சலுகை. 3-இன் அடுக்குகளில் 3³³ வரைதான் துல்லியம். 3³⁴ என்பது 2⁵³-ஐத் தாண்டிய ஒற்றைப்படை எண் என்பதால் அதைச் சரியாக வைக்கவே முடியாது. இன்னொன்று: துல்லியமாக இருக்கும் 2¹⁰⁰⁰-ஐயும் பத்தால் வகுத்த மறுகணமே துல்லியம் போய்விடும். எனவே அந்த வகையில் இலக்கங்களைப் பிரித்தெடுக்க முயல வேண்டாம்.

பைத்தானில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறதே. அது ஏமாற்று வேலையா?

இல்லை. பைத்தானின் முழு எண்ணுக்கு அளவு வரம்பு கிடையாது. நினைவகம் உள்ளவரை வளரும். ஜாவாவில் பிக்இன்டிஜர், 2020-ஆம் ஆண்டுத் தரநிலை முதல் ஜாவாஸ்கிரிப்டில் பிக்இன்ட், சி மொழிக்கு 1991 முதல் ஜிஎம்பி நூலகம் என்று எல்லா இடத்திலும் வசதி இருக்கிறது. கருவி இருக்கும்போது பயன்படுத்துவதில் குற்ற உணர்ச்சி எதற்கு?

ஆனாலும் ஒரு முறையாவது கையால் எழுதிப் பாருங்கள் என்பேன். இந்தப் புதிரிலிருந்து கற்றுக்கொள்ளக்கூடிய விஷயங்களில் பாதி அங்கேதான் இருக்கிறது.

கையால் எழுதுவது எப்படி?

மூன்றாம் வகுப்பில் தாளில் செய்த பெருக்கல்தான். எண்ணை ஓர் அணியில் ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கமாக வையுங்கள். ஒன்றாம் இடம் முதலில் வரட்டும், அதாவது எண்ணைத் தலைகீழாக அடுக்குங்கள். எண் வளரும்போது அணியின் கடைசியில் கட்டம் சேர்ப்பது எளிது. முன்னால் சேர்ப்பது தலைவலி.

32768 இப்போது 8, 6, 7, 2, 3 என்று இருக்கிறது. இரட்டிப்போம். 8-இன் இருமடங்கு 16: 6-ஐ எழுதி 1-ஐக் கையிருப்பாக வையுங்கள். 6-இன் இருமடங்கோடு கையிருப்பு 13: 3 எழுதி 1 கையிருப்பு. 7-க்கு 15: 5 எழுதி 1 கையிருப்பு. 2-க்கு 5, கையிருப்பு இல்லை. 3-க்கு 6. அணி 6, 3, 5, 5, 6 என்று ஆகிறது. தலைகீழாக வாசித்தால் 65536. இதை ஆயிரம் முறை செய்தால் 2¹⁰⁰⁰. மொத்தம் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சின்னப் பெருக்கல்கள்தான்; கணினி கண்சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும்.

காரணீயப் பெருக்கத்துக்கு வரும்போது ஒரு குழி காத்திருக்கிறது. இரட்டிக்கும்போது கையிருப்பு 1-ஐத் தாண்டாது. ஆனால் 100-ஆல் பெருக்கும்போது 99 வரை போகும். எல்லாக் கட்டங்களையும் கடந்த பிறகு கையில் 12 மிஞ்சியிருந்தால் அதை 2, 1 என்று இரண்டு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். கையிருப்பு பூஜ்யமாகும்வரை திரும்பத் திரும்ப ஓடும் மடக்கு (லூப்) அங்கே தேவை. ஒரு நிபந்தனை வரி மட்டும் எழுதினால் 12 அப்படியே ஒரே கட்டத்தில் உட்கார்ந்துவிடும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த 12-ஆல் எண்ணின் மதிப்பு கெடுவதில்லை. அடுத்த பெருக்கலில் அது தானாகக் கரைந்துவிடவும் செய்யும். கடைசிப் பெருக்கலில் மிஞ்சினால் மட்டும் இலக்கக் கூட்டுத்தொகையில் 1+2-க்குப் பதிலாக 12 சேர்ந்து, விடை 9 கூடிவிடும். சிறிய எடுத்துக்காட்டுகளில் பிடிபடாமல் பெரிய எண்ணில் வந்து கழுத்தறுக்கும் வகைப் பிழை இது.

ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம் வீண் அல்லவா?

வீண்தான். ஒரு கட்டத்தில் ஒன்பது இலக்கங்கள் வையுங்கள். 2¹⁰⁰⁰-க்கு 302 கட்டங்களுக்குப் பதிலாக 34 போதும். ஒன்பது இலக்க எண்கள் இரண்டைப் பெருக்கினாலும் 10¹⁸-க்குள் அடங்கும். கையிருப்பையும் சேர்த்து 64 பிட் மாறி தாங்கும்.

அச்சிடும்போது மட்டும் கவனம் தேவை. இடையில் உள்ள ஒரு கட்டத்தின் மதிப்பு 45 என்றால் அதை 000000045 என்று அச்சிட வேண்டும். முன்னொட்டுப் பூஜ்யங்களை விட்டுவிட்டால் எண்ணே வேறாகிவிடும். பூஜ்யம் கூட்டுத்தொகையைப் பாதிக்காது என்பதால் இலக்கக் கூட்டல் புதிரில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. அதே நிரலை அடுத்த புதிருக்கு எடுத்துப் போகும்போது குட்டு வெளிப்படும்.

விடை சரியா என்று சமர்ப்பிக்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவு முடியும். நம் தாத்தாக்கள் கணக்குப் பேரேட்டில் செய்த ஒன்பதைத் தள்ளும் சோதனைதான் இதற்கும். எந்த எண்ணையும் 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கக் கூட்டுத்தொகையை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே.

2¹⁰⁰-ஐ எடுத்துக்கொள்வோம். அது 1267650600228229401496703205376, இலக்கங்களைக் கூட்டினால் 115. அதை 9-ஆல் வகுத்தால் மீதி 7. மறுபுறம், 2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதிகள் 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு படிகளுக்கு ஒரு முறை சுழலும். 100-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 4. நான்காவது மீதி 7. பொருந்துகிறது.

1000-ஐ 6-ஆல் வகுத்தாலும் மீதி 4-தான். ஆகவே 2¹⁰⁰⁰-க்கான உங்கள் விடையை 9-ஆல் வகுத்தால் மீதி 7 வந்தே தீர வேண்டும். 0, 88, 72, 68 நான்கில் 88-க்கு மீதி 7 வருவது வெறும் தற்செயல். அதை வெளியேற்ற இன்னொரு சோதனை இருக்கிறது. 0 முதல் 9 வரையான இலக்கங்களின் சராசரி 4.5. 302 இலக்கங்கள் இருந்தால் கூட்டுத்தொகை 1359-க்கு அருகில் எங்கோ இருக்கும். காரணீயப் பெருக்கமாக இருந்தால் கடைசியில் வரும் பூஜ்யங்களைக் கழித்துவிட்டு இந்த மதிப்பீட்டைச் செய்யுங்கள்.

முன்பு சொன்ன கையிருப்புப் பிழையை ஒன்பதுச் சோதனை பிடிக்காது. அந்தப் பிழை விடையைச் சரியாக 9-இன் மடங்கால் அல்லவா மாற்றுகிறது! அணியின் எந்தக் கட்டத்திலாவது 9-ஐ மிஞ்சிய மதிப்பு இருக்கிறதா என்று தனியாகப் பார்ப்பதுதான் வழி.

100-இன் காரணீயப் பெருக்கத்தின் கடைசியில் எத்தனை பூஜ்யங்கள்?

24. ஐந்தின் மடங்குகள் 20, இருபத்தைந்தின் மடங்குகள் இன்னும் 4. மொத்தம் 158 இலக்கங்களில் இவை போக 134. இந்தப் பூஜ்யங்களை நடுவிலேயே வெட்டிவிட்டால் கூட்டுத்தொகை மாறாது, அணி சற்றுச் சிறியதாகும். 100-க்கு இந்தச் சிக்கனம் தேவையில்லை.

பைத்தான் திடீரென்று 4300 இலக்க வரம்பு என்று பிழை காட்டுகிறது. வரம்பே இல்லை என்றீர்களே?

எண்ணுக்கு வரம்பு இல்லை. எண்ணைச் சரமாக மாற்றுவதற்கு இருக்கிறது. பைத்தான் உள்ளுக்குள் எண்களை 2³⁰-ஐ அடிமானமாகக் கொண்டு வைத்திருக்கிறது. அதைப் பத்தடிமானத்துக்கு மாற்றும் வேலை, இலக்கங்களின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஏறத்தாழ நான்கு மடங்காகும். யாராவது ஓர் இணையச் சேவைக்குக் கோடி இலக்கச் சரம் ஒன்றை அனுப்பி அதைத் திணறடிக்கலாம் என்பதால் 2022-இல் இந்தத் தடுப்பை வைத்தார்கள். 3.11 பதிப்பிலும், அப்போது பராமரிப்பில் இருந்த பழைய பதிப்புகளின் திருத்தங்களிலும் இது வந்துவிட்டது.

2¹⁰⁰⁰-க்கு இது குறுக்கே வராது. 10000-இன் காரணீயப் பெருக்கத்தில் 35,660 இலக்கங்கள். அங்கே நிச்சயம் தடுக்கும். பைத்தானின் சிஸ் (sys) தொகுதியில் இந்த வரம்பை மாற்றும் சார்பு இருக்கிறது. அதற்குப் பூஜ்யம் கொடுத்தால் வரம்பு நீங்கும். உங்கள் கணினியில் உங்கள் புதிருக்காக அப்படிச் செய்வதில் தவறில்லை. பிறர் அனுப்பும் எண்களை வாங்கும் நிரலில் செய்யாதீர்கள்.

சரம் வேண்டாம், பத்தால் வகுத்து வகுத்து மீதியைக் கூட்டுகிறேன் என்று சிலர் மாற்றுவழி தேடுவார்கள். ஒவ்வொரு வகுத்தலும் முழு எண்ணையும் ஒரு முறை கடந்து போகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அது இன்னும் மெதுவானது.

பல லட்சம் இலக்க எண்ணின் கடைசிப் பத்து இலக்கங்களைக் கேட்கிறார்கள். அதையும் முழுதாகக் கணக்கிட வேண்டுமா?

கூடவே கூடாது. 2004-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பகா எண்ணை 97-வது கணக்கு எடுத்துக்கொள்கிறது: 28433×2⁷⁸³⁰⁴⁵⁷+1. அதில் 23,57,207 இலக்கங்கள். கேட்பதோ கடைசிப் பத்து. கூட்டலிலும் பெருக்கலிலும் கையிருப்பு வலமிருந்து இடமாகத்தான் நகரும். இடப்பக்கம் இருப்பது எதுவும் கடைசிப் பத்து இலக்கங்களைத் தொடவே முடியாது. ஆகவே ஒவ்வொரு படியிலும் 10¹⁰-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் ‘மட்டு எண்கணிதம்’ என்று படித்தது இதுதான். கடிகார முள்ளைத் தாண்டி அதற்கு ஒரு பயன் உண்டு என்று அன்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பைத்தானின் அடுக்குச் சார்புக்கு மூன்றாவது மதிப்பாக 10¹⁰-ஐக் கொடுத்தால் விடை உடனே வரும். உள்ளே அது வர்க்கமாக்கி வர்க்கமாக்கி முன்னேறுகிறது. 7830457-ஐ இரும எண்ணாக எழுதினால் 23 பிட்டுகள். எனவே 22 வர்க்கங்கள், இடையிடையே சில பெருக்கல்கள், அவ்வளவே. பிங்கலரின் பழைய வடமொழி யாப்பு நூலான சந்த சாஸ்திரத்திலேயே இந்த முறை இருக்கிறது. குறில் நெடில் அடுக்குகளை எண்ணுவதற்காக அங்கே வந்தது.

சி மொழியில் எழுதுபவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். பத்து இலக்க எண்கள் இரண்டைப் பெருக்கினால் 10²⁰ வரை போகும். 64 பிட் மாறியின் உச்சம் 1.8×10¹⁹ தான். 128 பிட் மாறியைப் பயன்படுத்தலாம். என்னைக் கேட்டால், இந்தக் குறிப்பிட்ட கணக்குக்கு அந்தச் சாமர்த்தியமே வேண்டாம். 78 லட்சம் முறை இரட்டித்து ஒவ்வொரு முறையும் மீதி எடுக்கும் சாதாரண மடக்கு நொடிக்குள் ஓடிவிடும். இரட்டிப்பதால் எண் 2×10¹⁰-ஐத் தாண்டுவதும் இல்லை.

முதல் சில இலக்கங்களைக் கேட்டால்?

மீண்டும் மடக்கை. 2¹⁰⁰⁰-இன் மடக்கை 301.02999566 என்றோம். முழு எண் பகுதி இலக்க எண்ணிக்கையைச் சொன்னது; பின்னப் பகுதி முதல் இலக்கங்களைச் சொல்கிறது. பத்தின் 0.02999566-வது அடுக்கு 1.0715086. ஆகவே எண் 10715086 என்று தொடங்குகிறது.

துல்லியம் எங்கே கரைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மிதவை எண்ணில் 15, 16 இலக்கங்கள் நம்பகமானவை. மடக்கையின் முழு எண் பகுதியே ஏழு இலக்கம் தின்றுவிட்டால் பின்னத்துக்கு எட்டு ஒன்பதுதான் மிஞ்சும். அதற்கு மேல் இலக்கங்கள் வேண்டுமானால் பைத்தானின் டெசிமல் தொகுதியில் துல்லியத்தை 50 இலக்கமாக உயர்த்திவிட்டுச் செய்யுங்கள்.

கூட்டல் கணக்கு வேறு கதை. நூறு எண்கள், ஒவ்வொன்றும் 50 இலக்கம். கூட்டுத்தொகையின் முதல் பத்து இலக்கங்கள் என்ன என்று 13-வது கணக்கு கேட்கிறது. ஒவ்வோர் எண்ணிலும் முதல் 12 இலக்கங்களை மட்டும் எடுத்துக் கூட்டினால் போதுமா? பெரும்பாலும் போதும். வெட்டி எறிந்த பகுதி ஒவ்வோர் எண்ணிலும் ஓர் அலகுக்குக் குறைவு. நூறு எண்களுக்கும் சேர்த்து 100 அலகுக்குக் குறைவு. கூட்டுத்தொகை 14 இலக்கமாக வந்தால், அதன் கடைசி நான்கு இலக்கங்கள் 9900 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் பத்தாவது இலக்கம் மாற வாய்ப்புண்டு. அந்த நான்கையும் ஒரு முறை பார்த்துவிட்டால் ‘பெரும்பாலும்’ என்ற சொல் போய்விடும். பார்க்காமலே சமர்ப்பித்துச் சரியென்று வந்தால் அது அதிர்ஷ்டம்.

நடுவில் உள்ள ஓர் இலக்கம் வேண்டுமானால்?

2¹⁰⁰⁰ போன்ற எண்ணுக்குக் குறுக்குவழி கிடையாது. வலப்பக்கமிருந்து அந்த இடம் வரை கணக்கிட்டே ஆக வேண்டும்.

இலக்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின் இலக்கங்களையும் கூட்டி, ஓரிலக்கம் ஆகும்வரை தொடரச் சொன்னால்?

எண் 9-இன் மடங்காக இருந்தால் விடை 9. இல்லாவிட்டால் 9-ஆல் வகுத்த மீதி. ஒரு லட்சம் இலக்க எண்ணை ஒரு லட்சம் முறை ஒட்டிவைத்து இதைச் செய்யச் சொல்லும் போட்டிக் கணக்குகள் உண்டு. அந்தச் சரத்தை உண்மையிலேயே உருவாக்கினால் ஆயிரம் கோடி எழுத்துகள், கணினி மூச்சுத்திணறும். ஒரு பிரதியின் இலக்கக் கூட்டுத்தொகையைப் பிரதிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் தீர்ந்தது.

இந்த வகையின் மூத்த கணக்கு, 1975-இல் பல்கேரியாவில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் வந்தது. 4444-ஐ 4444-வது அடுக்குக்கு உயர்த்தினால் வரும் எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை ஒன்று. அதன் இலக்கக் கூட்டுத்தொகை இரண்டாவது. இரண்டாவதன் இலக்கக் கூட்டுத்தொகை என்ன? மாணவர்கள் கையில் கணினி இல்லை. அந்த எண்ணில் 16,211 இலக்கங்கள். முதல் கூட்டுத்தொகை 1,45,899-ஐத் தாண்டாது. அதற்குட்பட்ட எண்களில் அதிகபட்ச இலக்கக் கூட்டுத்தொகை 99999-க்கு வரும் 45. 45-க்குட்பட்ட எண்களில் அதிகபட்சம் 39-க்கு வரும் 12. ஆக விடை 12-க்குள். 4444-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 7. 7-இன் மூன்றாம் அடுக்கு மீதி 1 தருகிறது. 4444-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 1. எனவே இறுதி மீதியும் 7. 12-க்குள் மீதி 7 தரும் எண் 7 மட்டுமே. பைத்தானில் சரிபார்க்கப் போனால் அதே 4300 வரம்பு வந்து நிற்கும் என்பது வேடிக்கை.

1234567891011… என்று எல்லா எண்களையும் ஒட்டி எழுதினால் 100 கோடியாவது இலக்கம் எது?

இது டேவிட் சாம்பர்னௌன் 1933-இல் எழுதிய மாறிலியின் இலக்க வரிசை. சரத்தைக் கட்டாமல் தொகுதிகளாகத் தாண்டுங்கள். ஓரிலக்க எண்கள் 9 இடங்களை எடுக்கின்றன, ஈரிலக்கம் 180, மூன்றிலக்கம் 2700, இப்படியே எட்டிலக்கம் வரை கூட்டினால் 78,88,88,889. மிச்சம் 21,11,11,111 இடங்கள் ஒன்பதிலக்க எண்களுக்கு. அதிலிருந்து ஒன்றைக் கழித்து 9-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 23456790. ஆகவே நாம் நிற்பது 100000000+23456790 = 123456790 என்ற எண்ணின் முதல் இலக்கத்தில். விடை 1. அந்த எண்ணின் அழகை ஒரு கணம் நின்று ரசிக்கலாம்.

ஒன்றைக் கழிக்க மறப்பதுதான் இதில் வழக்கமான சறுக்கல். 12-வது இலக்கத்தை வைத்துச் சோதியுங்கள்: 9 போக 3, ஒன்று குறைத்தால் 2, இரண்டால் வகுத்தால் 1. எண் 11, முதல் இலக்கம் 1.

10¹⁰⁰-க்குக் கீழே இன்ன பண்புள்ள எண்கள் எத்தனை என்று கேட்டால் மடக்கு எப்போது முடியும்?

சூரியன் அணைந்த பிறகும் முடியாது. இங்கே எண்களைத் தொடாமல் எண்ண வேண்டும். இலக்கங்கள் இடமிருந்து வலமாக எங்கும் இறங்காத எண்கள், எங்கும் ஏறாத எண்கள் இரண்டையும் சேர்த்து எத்தனை என்பது 113-வது கணக்கு. பத்து லட்சத்துக்குக் கீழ், அதாவது ஆறு இலக்கம் வரை பார்ப்போம். இறங்காதவை: 15-இல் 9-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 5005, பூஜ்யத்தைக் கழித்தால் 5004. ஏறாதவை: 16-இல் 10-ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 8008, அதில் 7-ஐக் கழித்தால் 8001. 11, 777 போல ஒரே இலக்கத்தால் ஆனவை இரண்டிலும் வருகின்றன; அவை 54. ஆக 5004+8001−54 = 12951. இதை நேரடி மடக்கால் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 15 என்பது 6+9, 16 என்பது 6+10, 7 என்பது 6+1, 54 என்பது 6×9; இந்த ஆறுக்குப் பதில் நூறு போடுங்கள்.

பண்பு இதைவிடச் சிக்கலாக இருந்தால் சேர்மானச் சூத்திரம் கிடைக்காது. அப்போது இலக்கம் இலக்கமாக நகர்ந்து, ‘இதுவரை வந்த கூட்டுத்தொகை இவ்வளவு, கடைசி இலக்கம் இது’ என்ற நிலைகளுக்கு எத்தனை எண்கள் என்று அட்டவணை போடுவார்கள். இயங்குநிலை நிரலாக்கம் என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். பழைய அட்டவணையிலிருந்து புதிய அட்டவணை, நூறு முறை.

இரண்டு பிரம்மாண்ட எண்களைப் பெருக்கப் பள்ளி முறையை விட வேகமான வழி உண்டா?

உண்டு. வராது என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள். 1960-இல் மாஸ்கோ பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் கணிதவியலாளர் ஆந்த்ரேய் கோல்மகோரோவ், இலக்க எண்ணிக்கையின் வர்க்கத்துக்குக் குறைந்த படிகளில் பெருக்க இயலாது என்ற தம் ஊகத்தை முன்வைத்தார். 23 வயது மாணவர் அனத்தோலி கரட்சூபா ஒரு வாரத்துக்குள் அதை உடைத்துவிட்டார். 1962-இல் இந்த முறை கட்டுரையாக வெளிவந்தது. அதை எழுதி அனுப்பியவர் கோல்மகோரோவ். அச்சுப் பிரதிகள் கைக்கு வந்த பிறகுதான் தம் பெயரில் கட்டுரை வந்திருப்பதே கரட்சூபாவுக்குத் தெரிந்தது.

12×34-ஐப் பாருங்கள். 1×3 = 3. 2×4 = 8. (1+2)×(3+4) = 21. 21-இலிருந்து 3-ஐயும் 8-ஐயும் கழித்தால் 10. இப்போது 300+100+8 = 408. நான்கு பெருக்கலுக்குப் பதில் மூன்று. ஒவ்வோர் எண்ணையும் பாதி பாதியாகப் பிரித்து இதையே திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் பெருகிக்கொண்டே போகும். பைத்தான் பெரிய எண்களுக்கு இதைத்தான் செய்கிறது. ஜாவா 8-ஆம் பதிப்பிலிருந்து செய்கிறது. லட்சக்கணக்கான இலக்கங்களுக்கு 1971-இல் ஷோன்ஹாகேயும் ஸ்ட்ராஸனும் தந்த முறை இன்னும் வேகம்.

ஆனால் 2¹⁰⁰⁰-க்கோ 100-இன் காரணீயப் பெருக்கத்துக்கோ இவை எதுவும் வேண்டாம். அங்கே ஒரு பக்கம் எப்போதும் சின்ன எண்.

நிரல் எவ்வளவு நேரம் ஓடலாம்?

சுமாரான கணினியில் ஒரு நிமிடத்துக்குள் என்பது ப்ராஜெக்ட் ஆய்லரின் அளவுகோல். இந்தப் பக்கத்தில் சொன்ன எதற்கும் ஒரு நொடிக்கு மேல் ஆகக்கூடாது.

2¹⁰⁰⁰-க்கான விடையைக் கடைசிவரை சொல்லவில்லையே?

முதல் நூறு கணக்குகளின் தீர்வுகளை வெளியே பேசலாம் என்று அந்தத் தளமே அனுமதிக்கிறது. அதற்கு மேற்பட்டவற்றை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறது. எனவே தடை எதுவும் இல்லை. 1359-க்கு அருகில், 9-ஆல் வகுத்தால் மீதி 7 என்றாகிவிட்டது. மிச்சத்தை உங்கள் நிரல் சொல்லட்டும்.